யாரை அமர்த்துவது?

கால்பந்துக் கழகம் ஒன்று தொடர்ந்து தோற்றுவந்தால் அதன் அபிமானிகள் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்த பயிற்சியாளராக யாரை அமர்த்துவது? உலகில் எந்த நகரத்திலும் இதுவே வழக்கம். ஆயினும், கொல்கத்தாவின் கிடர்பூரில் இக்கேள்விக்கு உள்ள சூடு வேறு இடங்களிற் காண்பது அரிது. அங்கே இது பொழுதுபோக்குப் பேச்சு அன்று. வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் போன்ற குடும்பக் காரியம். தேநீர்க் கடையிலும், தையற்காரர் கடைத் திண்ணையிலும், தொழுகை முடிந்து திரும்பும் வழியிலும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி வாதாடுவார்கள்.

கொல்கத்தாவுக்குக் குடிவந்த நம்மவர் பலர் இந்த விவாதத்தைத் தொலைவில் நின்று கேட்டிருப்பார்கள். ஏரிச் சந்தைப் பக்கம் வாழும் தமிழருக்குக் கிடர்பூர் என்றால் துறைமுகமும் ஃபேன்சி மார்க்கெட்டும் நினைவுக்கு வரும். அடுத்துள்ள கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இருப்பதால், வேலையின் பொருட்டு அவ்வழியே சென்று வந்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால், அப்பகுதி மக்களின் உள்ளத்தைப் பிடித்திருப்பது துறைமுகமும் அன்று, அங்காடியும் அன்று. முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் கால்பந்துக் கழகமே. ஒரு பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதில் என்னென்ன அடங்கியிருக்கின்றன, அபிமானிகளின் வாதத்தில் எவ்வளவு நியாயம் உண்டு, எங்கே அது வழி தவறுகிறது என்பவற்றை இக்கழகத்தை முன்னிறுத்தி ஆராய்வது பயன் தரும்.

முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கல்கத்தாக் கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது முதல் வெள்ளையர் அணிகளே அதன் பட்டத்தை மாறி மாறி வென்றுவந்தன. 1934-இல் முதன் முதலாக ஓர் இந்திய அணி அதைக் கைப்பற்றியது. அந்த அணி இதுதான். அதோடு நில்லாமல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அப்பட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், 1940-இல் டில்லியில் டியூராண்டுக் கோப்பை என வெற்றிகள் குவிந்தன. அக்கால வெற்றியைப் பாட்டனார் சொல்லப் பேரன் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் கிடர்பூரில் ஏராளம்.

இன்று நாம் சொல்லும் பொருளில் ஒரு 'பயிற்சியாளர்' அந்நாளைய அணிகளுக்கு இருந்ததில்லை. கழகத்தின் காரியதரிசியும் அணித்தலைவரும் கூடிப் பேசி ஆட்டக்காரரை நிறுத்துவார்கள். அப்படியானால் முகமதன் ஸ்போர்ட்டிங் எவ்வாறு வென்றது? வங்காளத்துக்குள் மட்டும் தேடாமல் பெங்களூர் போன்ற தொலைவிடங்களிலிருந்தும் திறமையாளரைத் திரட்டியது ஒரு காரணம். இந்திய அணிகள் வெறுங்காலுடன் ஆடிய அந்நாளில், மழை பெய்து திடல் சேறாகும்போது காலணி அணிந்து ஆடப் பழகியது மற்றொரு காரணம். இரண்டும் தற்செயல் அல்ல. முன்கூட்டியே சிந்தித்துச் செய்த ஏற்பாடுகள். பயிற்சியாளர் என்ற பட்டம் இல்லாவிடினும், பயிற்சியாளர் செய்ய வேண்டிய சிந்தனையை யாரோ ஒருவர் செய்தே தீரவேண்டியிருந்தது.

அந்தச் சிந்தனைதான் யாது? களத்தில் ஓடச் சொல்வதும் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுப்பதும் மட்டுமே பயிற்சியாளரின் தொழில் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் செய்வது மூன்று காரியங்கள். இருக்கும் ஆட்டக்காரரின் திறமைக்கு ஏற்ற ஆட்டமுறையை வகுப்பது முதலாவது. யார் எந்த இடத்தில் ஆடுவது, யார் வெளியே அமர்வது என்று தீர்மானிப்பது இரண்டாவது. தோல்வியிலும் கலங்காத மனத்தை அணிக்கு ஊட்டுவது மூன்றாவது.

இவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த இவர், 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்த பயிற்சியாளர். 1962-இல் ஜகார்த்தாவில் தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டது. அவரைப் பின்வரிசையில் நிறுத்துவது அபாயம்; வெளியே அமர்த்துவதோ நட்டம். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த இரண்டு கோல்களில் ஒன்று ஜர்னெயில் சிங்கின் கோல். இருக்கும் சரக்கைக் கொண்டு இயன்ற உச்சப் பயனை எடுப்பதே பயிற்சியாளரின் கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 'மேனேஜர்' என்று அழைக்கப்படுபவருக்கு இவற்றுடன் நான்காவது பொறுப்பும் வழிவழியாக உண்டு. எந்த ஆட்டக்காரரை வாங்குவது, எவரை விற்பது என்பதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கொல்கத்தாவிலோ அந்த அதிகாரம் நெடுங்காலமாகக் கழக நிர்வாகிகளின் கையிலேயே இருந்துவந்தது. அண்மைக் காலத்தில் முதலீட்டாளர்களும் அதிற் பங்கு கொண்டுள்ளனர். ஆகவே, மேனேஜருக்குரிய பொறுப்பைப் பயிற்சியாளர் தலையில் ஏற்றிவிட்டு, அவருக்கு உதவியாளருக்குரிய அதிகாரம் மட்டுமே கொடுக்கும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது. அபிமானிகளின் விவாதத்தில் கவனிக்கப்படாமற் போகும் முதற்செய்தி இதுவே.

இனி, கிடர்பூரில் கேட்கும் வாதங்களுக்கு வருவோம். பேசுவோர் பலராயினும் கட்சிகள் நான்குதாம்.

"நம் கழகத்தில் ஆடியவரே வரவேண்டும், அவருக்குத்தான் இந்தச் சட்டையின் அருமை தெரியும்" என்பது முதற்கட்சி. இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. ஈஸ்ட் பெங்காலின் பழைய முன்வரிசை வீரர் சுபாஷ் பௌமிக், பின்னர் அதே கழகத்தின் பயிற்சியாளராகி 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்று தந்தார். எனினும், நன்றாக ஆடியவர் யாவரும் நன்றாக ஆட்டுவிப்பவர் ஆவதில்லை. பாடகர் அனைவரும் நல்ல சங்கீத ஆசிரியர் ஆகிவிடுகிறார்களா?

"வெளிநாட்டாரே வேண்டும்" என்பது இரண்டாம் கட்சி. வெளிநாட்டார் புதிய முறைகளைக் கொண்டுவருவர் என்பதும், உள்ளூர்ப் பழியும் பரிந்துரையும் அவர்களை எளிதில் அசைப்பதில்லை என்பதும் இக்கட்சியின் நியாயங்கள். ஆனால், பெயரைக் கண்டு மயங்கினால் பயன் கிட்டாது. லிவர்பூல் அணியின் புகழ்பெற்ற வீரர் ராபி ஃபவுலர், 2020-21 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலின் பொறுப்பேற்றார். கழகத்தின் முதல் இந்தியன் சூப்பர் லீக் பருவம் அது; ஏற்பாடுகள் அவசரத்தில் நடந்தன. பதினோர் அணிகளில் ஒன்பதாம் இடமே கிடைத்தது.

"பட்டயம் பெற்ற இந்தியருக்கு வாய்ப்புத் தரவேண்டும்" என்பது மூன்றாம் கட்சி. ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் பயிற்சியாளர்களுக்குப் படிப்படியாகத் தகுதிச் சான்றுகள் வழங்குகிறது. அவற்றின் உச்சி 'புரோ' எனப்படும் சான்று. இத்தகைய சான்று பெற்ற இந்தியர் பெருகிவருகின்றனர். 2016-17-இல் மிசோரத்தின் சிறு கழகமான ஐஸ்வாலை ஐ-லீக் பட்டத்துக்கு உயர்த்திய காலித் ஜமீல், பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் பயிற்சியளித்தார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளராகவே நியமிக்கப்பட்டார். அந்த நியமனத்தில் விண்ணப்பங்கள் கோரப்பட்டு, தொழில்நுட்பக் குழு மூவரைத் தெரிந்து முன்வைத்து, அவருள் ஒருவரை நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

"எதிரிக் கழகத்திலிருந்தேனும் வென்று காட்டியவரைக் கொண்டு வா" என்பது நான்காம் கட்சி. இதற்கு ஆதாரமாக முதியவர்கள் பி. கே. பானர்ஜியின் கதையைச் சொல்வார்கள். 1972 முதல் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியளித்த அவர், 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தினார். மறு ஆண்டே தாம் வீழ்த்திய மோகன் பகானுக்குப் பயிற்சியாளரானார். 1977-இல் அக்கழகம் கேடயம், டியூராண்டு, ரோவர்ஸ் ஆகிய மூன்றையும் வென்றது. அதே ஆண்டில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் ஈடன் தோட்டத்தில் 2-2 என்று சமன் செய்தது. ஆட்டத்துக்கு முன்னர் அவர் பேசும் ஊக்க உரைகளுக்கு 'வோக்கல் டானிக்' என்று பெயரே வழங்கலாயிற்று.

இந்த நான்கு கட்சிகளில் எதை ஏற்பது? நான்கிலும் உண்மை உண்டு. நான்கிலும் குறையும் உண்டு. ஏனென்றால், நான்குமே ஒரே இடத்தில் தொடங்குகின்றன: ஆள் யார் என்பதில்.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஆளைத் தேர்ந்து பொறுப்பில் அமர்த்துவதைப் பற்றியது அது. செய்யவேண்டிய வேலை இன்னது, அதற்குரிய கருவி இன்னது, அதை முடிக்கத் தக்கவர் இன்னார் என்று மூன்றையும் சேர்த்து எண்ணிய பின்னரே, அவ்வேலையை அவரிடம் விட்டுவிடவேண்டும் என்னும் கருத்து அங்கே வலியுறுத்தப்படுகிறது. கிடர்பூரின் விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. நமது அபிமானிகள் ஆளைப் பற்றி நாள் முழுதும் பேசுகிறார்கள். வேலையையும் கருவியையும் பற்றிப் பேசுவது அரிதாக இருக்கிறது. விட்டுவிடுதலைப் பற்றியோ எவரும் பேசுவதில்லை.

முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அண்மைக் கதையே இதற்குச் சான்று. 2021-இல் ரஷ்யரான ஆந்த்ரே செர்னிஷோவ் பயிற்சியாளராக வந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கழகம் மீண்டும் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. இடையில் விலகிச் சென்ற அவர் திரும்பிவந்தபோது, 2024 ஏப்ரல் 6 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியை 2-1 என்று வென்று, கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. இந்தியன் சூப்பர் லீக்கிற்கும் உயர்ந்தது. கிடர்பூரில் அவரை மாற்றவேண்டும் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை.

சூப்பர் லீக்கில் கழகத்தின் முதல் வெற்றி, 2024 செப்டம்பரில், நம் சென்னையிற் கிடைத்தது, சென்னையின் எஃப்.சி. அணியை 1-0 என்று வென்றது. அதன்பின் தோல்விகள் தொடர்ந்தன. 2025 ஜனவரியில் பெங்களூர் அணியை அதன் ஊரிலேயே வென்றதும் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால், அம்மாத இறுதியில் செர்னிஷோவ் தம் பணியை நிறுத்திக்கொண்டார். மூன்று மாதச் சம்பளம் வந்துசேரவில்லை என்பதே அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம்.

உடனே கிடர்பூரிற் பெயர்கள் பறந்தன. பழைய வீரர் ஒருவரைச் சிலர் சொன்னார்கள். வெளிநாட்டாரைச் சிலர் நாடினார்கள். முன்னாள் இந்திய வீரர் மெஹ்ராஜுதீன் வாடூ பொறுப்பேற்றார். பருவ முடிவில் 24 ஆட்டங்களில் 2 வெற்றிகளே கிடைத்தன. அந்த இரண்டும் முன்னவர் காலத்தவை. பதின்மூன்று அணிகளில் கழகத்துக்குக் கடைசி இடம். இதனால் புதியவர் திறமையற்றவர் என்று முடிவு செய்வது நியாயமாகுமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு பயிற்சியாளர் ஊதியக் குறையாற் போயிருக்க, அவ்விடத்துக்கு எந்தப் பெரியவரை அழைத்தாலும் முதலிற் சரிசெய்ய வேண்டியது அந்தக் குறையைத்தான். "யாரை அமர்த்துவது?" என்று கேட்டவர்கள், "அமர்த்தியவருக்கு மாதந்தோறும் சம்பளம் போய்ச் சேருமா?" என்றும் கேட்டிருக்க வேண்டும்.

விட்டுவிடுதல் என்றோமே, அதையும் சற்றுப் பார்ப்போம். மோகன் பகானுக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2015-இல், தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர் சஞ்சய் சென் என்னும் வங்காளிப் பயிற்சியாளர். 2018 ஜனவரி 2 அன்று, கழகத்தின் சொந்தத் திடலிற் சென்னை சிட்டி அணியிடம் மோகன் பகான் 1-2 என்று தோற்றது. அரங்கில் இருந்த சிலர் அவரை இழிவாக நடத்தினர். அன்றே அவர் விலகினார். அவரைத் தோற்கடித்த சென்னை சிட்டியோ எளிய அணி என்று அப்போது கருதப்பட்டது. அடுத்த பருவத்தில் அதுவே ஐ-லீக் பட்டத்தை வென்றது. சஞ்சய் சென்னும் ஓய்ந்துவிடவில்லை. 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றிய வங்காள அணிக்குப் பயிற்சியாளர் அவர்தாம். ஒரு நாள் ஆத்திரத்தில் இழந்த மனிதர் எத்தகையவர் என்பதைக் காலம் பின்னால் உணர்த்தியது.

பொறுமையின் பயனுக்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் கழகம் 1986-இல் அலெக்ஸ் ஃபெர்கூசனை அமர்த்தியது. மூன்று ஆண்டுகளாகக் கோப்பை எதுவும் வரவில்லை. 1989-இல் "போதும், விடைபெறுக" என்னும் பொருள்படப் பதாகையே பிடித்தார் ஓர் அபிமானி. நிர்வாகம் அசையவில்லை. 1990-இல் முதற் கோப்பை வந்தது. 2013-இல் அவர் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள் சேர்ந்திருந்தன.

இதனால் அபிமானிகள் வாய் மூடியிருக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. கொல்கத்தாவின் பெரிய கழகங்கள் உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்களாகப் பிறந்தவை. உறுப்பினர் வாக்களித்தே நிர்வாகிகள் வருகின்றனர். ஆகவே, பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அபிமானிக்கு இல்லாவிட்டாலும், அவரைத் தேர்ந்தெடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உறுப்பினருக்கு உண்டு. அந்த உரிமையை அறிவுடன் பயன்படுத்த விரும்புவோர், பெயரைச் சொல்லுமுன் சில கேள்விகளை நிர்வாகத்திடம் கேட்கலாம். இந்தப் பருவத்திற் கழகத்தின் இலக்கு பட்டமா, நிலைத்து நிற்பதா, இளைஞரை வளர்ப்பதா? அந்த இலக்குக்கு வேண்டிய பணம் கையில் இருக்கிறதா? ஆட்டக்காரரைத் தேர்வதிற் பயிற்சியாளரின் சொல் எடுபடுமா? பருவம் தொடங்குவதற்கு எத்தனை வாரம் முன்பாக அவர் பணியேற்பார்? எத்தனை தோல்வி வரை அவரை நம்புவது என்று நிர்வாகம் முன்பே உறுதி செய்துகொண்டிருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் ஆளின் பெயர் தானே முன்னுக்கு வரும்.

இந்த விவாதத்திற் தமிழருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்கும் அதில் உரிமை உண்டு. ரஹீமின் 1962 அணியில், இறுதியாட்டத்தில் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்திற் பிறந்து, வெலிங்டனில் மதராஸ் படைப்பிரிவின் அணியிற் புகழ்பெற்ற அத்தமிழர், கொல்கத்தாவுக்கு வந்து முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று கழகங்களுக்குமே ஆடினார். நம் காலத்தில் சென்னை இளைஞர் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12 அன்று அடித்த ஒரே கோலினால், நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்றது. அன்று அந்த அணிக்குப் பயிற்சியளித்தவர் ஸ்பெயின் நாட்டின் கார்லஸ் குவாட்ராட். 2024 ஜனவரியில் அவர் சூப்பர் கோப்பையையும் வென்று தந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், மூன்று தோல்விகளுக்குப் பிறகு, விலகிச் சென்றார். புகழுக்கும் பழிக்கும் இடையே எட்டே மாதம்!

வந்தவரைத் தன்னவராக ஏற்பதில் கொல்கத்தாவுக்கு இணை இல்லை. பெங்களூர்க்காரரையும் ஹைதராபாத்காரரையும், ரஷ்யரையும் தமிழரையும் அது தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கிறது. கொண்டாடுவதிற் காட்டும் அதே தாராளத்தைக் காத்திருப்பதிலும் காட்டினால், கிடர்பூரின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப் பாட்டனாரின் 1934 மட்டுமன்றித் தம் காலத்துக் கதை ஒன்றும் கிடைக்கும். பயிற்சியாளர் யார் என்பது முக்கியமான கேள்விதான். ஆனால், அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி.